வண்டி நின்றால் பம்பைக் குறை கூறுமுன்

(லெம்பா பெர்த்தாமில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் காய்கறித் தோட்டக்காரர்களும் கூடியிருந்த மாலைக் கூட்டமொன்றில் முன்னாள் பட்டறைத் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை)



விடியற்காலைப் பனியிலே புறப்பட்டுக் கொழுந்துக் காட்டிலும் காய்கறிக் காட்டிலும் நாள் முழுதும் உழைத்துவிட்டு, ஓய்வு கொள்ள வேண்டிய நேரத்தில் என் பேச்சைக் கேட்க வந்திருக்கிறீர்கள். ஆகவே முகவுரையை நீட்டாமல் பொருளுக்கு வருகிறேன். பெட்ரோல் பம்பு பழுதாகிவிட்டால் வீட்டிலேயே அதனைக் கழற்றி மாற்றுவது எவ்வாறு என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்கள். மாற்றுவது கடினமான வேலை அன்று. இரண்டு ஸ்பேனரும் சிறிது பொறுமையும் உள்ள எவரும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். மாற்ற வேண்டியது அதுதானா என்று அறிவதே கடினம். பட்டறையில் நான் கழித்த ஆண்டுகளில், பழுதாகிவிட்டதென்று என்னிடம் கொண்டுவரப்பட்ட பம்புகளில் பல, எந்தக் குறையும் இல்லாதவையாகவே இருந்தன. நல்ல பம்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுகிறோம். பணமும் போகிறது, பழுதும் போகவில்லை. இந்த மாலை நேரத்தின் பெரும்பகுதியை அதற்கே செலவிட எண்ணுகிறேன்.

நமது மலைக்கும் லேண்ட் ரோவருக்கும் உள்ள உறவு நீங்கள் அறிந்ததே. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பவர் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஆம்ஸ்டர்டாம் நகரக் கண்காட்சியில் லேண்ட் ரோவர் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஆங்கில நாட்டுப் பண்ணைகளுக்கென்று செய்யப்பட்ட வண்டி அது. ஆயினும் நம்முடைய சேற்றுப் பாதைகளுக்காகவே பிறந்ததுபோல் இம்மலையில் வேரூன்றிவிட்டது. 'சீரிஸ் 3' என்னும் வகையின் உற்பத்தி 1985இல் நின்றது. உற்பத்தி நின்றதே தவிர, வண்டி நிற்கவில்லை. மேற்கூரை வெட்டப்பட்டு, கதவுகள் கழன்று, முட்டைக்கோசும் தக்காளியும் கூடை கூடையாகச் சுமந்து, இன்றும் லெம்பா பெர்த்தாமின் சரிவுகளில் அது ஏறி இறங்குவதைக் காண்கிறோம். இந்த வண்டியை வைத்தே விளக்குகிறேன். இதைப் புரிந்துகொண்டவருக்குக் கார்புரேட்டர் உள்ள வேறு எந்தப் பழைய காரும் விளங்கும். புதிய கார்களைப் பற்றி இறுதியில் சில சொற்கள் கூறுவேன்.

முதலில் பம்பு செய்யும் வேலையைத் தெரிந்துகொள்வோம். குட்டையான லேண்ட் ரோவரில் பெட்ரோல் தொட்டி முன்னிருக்கைக்கு அடியில் இருக்கிறது. கார்புரேட்டரோ இயந்திரத்தின் மேற்பகுதியில் இருக்கிறது. பள்ளத்திலிருக்கும் நீர் தானாக மேட்டுக்கு ஏறாது. யாராவது இறைக்க வேண்டும். அந்த இறைப்பு வேலைதான் பம்பினுடையது. 2,286 சி.சி. பெட்ரோல் இயந்திரத்தின் பக்கவாட்டில் இரண்டு நட்டுகளால் அது பொருத்தப்பட்டிருக்கும். அதற்குள் ரப்பர் பூசிய துணியாலான வட்டமான சவ்வு ஒன்று உண்டு. இயந்திரத்தின் உள்ளே சுழலும் கேம் தண்டு ஒரு நெம்புகோலைத் தள்ள, நெம்புகோல் சவ்வைக் கீழே இழுக்கிறது. அப்பொழுது தொட்டியிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. பின்னர் சவ்வுக்கு அடியிலுள்ள சுருள்வில் அதனை மேலே தள்ள, பெட்ரோல் கார்புரேட்டருக்குச் செல்கிறது. போன பெட்ரோல் திரும்பாதபடி இரண்டு சிறிய வால்வுகள் காவல் காக்கின்றன. கேம் தண்டு இயந்திரத்தின் பாதி வேகத்தில் சுழல்வதால், இயந்திரத்தின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை இவ்விறைப்பு நடைபெறும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பெட்ரோலை மேலே தள்ளுவது நெம்புகோல் அன்று, சுருள்வில். கார்புரேட்டரின் கிண்ணம் நிறைந்து அதன் ஊசி வால்வு மூடிக்கொண்டால், சுருள்வில்லால் மேற்கொண்டு தள்ள முடியாது. சவ்வு கீழேயே நின்றுவிடும். நெம்புகோல் வெறுமனே ஆடிக்கொண்டிருக்கும். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு இரண்டு இறாத்தலை ஒட்டியே இருக்கும். அவ்வளவு சிறிய வலிமைதான். சிறிய வலிமை உடையதாகையால் சிறிய இடையூறும் அதனைத் தோற்கடித்துவிடுகிறது. தோற்பது பம்பு, இடையூறு வேறெங்கோ இருக்கும்.

இதனை நான் எவ்வாறு கற்றேன் என்பதைச் சொல்ல வேண்டும். எனக்கு இருபத்திரண்டு வயது. என் தமக்கையின் மகனுக்கு நள்ளிரவில் இழுப்பு கண்டுவிட்டது. மூச்சு விட முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கிறது. தகப்பனார் வாங்கி வைத்திருந்த பழைய லேண்ட் ரோவரில் தமக்கையையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு தானா ராத்தா மருத்துவமனைக்குப் புறப்பட்டேன். அன்று பிற்பகல்தான் தொட்டியை விளிம்பு வரை நிரப்பியிருந்தேன். வண்டி பள்ளத்தாக்கிலிருந்து ஏறி ரிங்லெட்டைக் கடந்தது. அடுத்த ஏற்றத்தில் இரண்டு முறை இருமியது, நின்றுவிட்டது. கைப்பிடியைப் போட்டுச் சுழற்றினேன், சுழற்றினேன், பயனில்லை. மூடுபனியில் எதிரிலிருக்கும் மரமும் தெரியவில்லை. தமக்கை ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த மௌனம் இன்றும் என் காதில் இருக்கிறது. கால் மணி நேரத்துக்குப் பின்னர் காய்கறி லோரி ஒன்று வந்தது. அதை ஓட்டி வந்த சீனப் பெரியவர் ஒரு கேள்வியும் கேளாமல் இருவரையும் ஏற்றிக்கொண்டு சென்றார். குழந்தை பிழைத்தது, இன்று அவனுக்கே குழந்தைகள் இருக்கிறார்கள்.

மறுநாள் காலை வண்டி ஒரே சுழற்றலில் புறப்பட்டுவிட்டது! பம்புதான் சோர்ந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். கடன் வாங்கிப் புதிய பம்பு மாட்டினேன். மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. தொட்டியை மீண்டும் நிரப்பிய அன்று, அதே போல் ஏற்றத்தில் நின்றது. இரண்டாவது பம்பும் வாங்கினேன். அதுவும் நின்றது. பின்னர்த்தான் முதிய தொழிலாளி ஒருவரிடம் போனேன். அவர் இயந்திர மூடியைக்கூடத் திறக்கவில்லை. எப்பொழுது நிற்கிறது என்று கேட்டார். தொட்டி நிறைந்திருக்கும்போது என்றேன். நேரே தொட்டியின் மூடியைத் திருகினார். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது.

மூடியில் காற்றுப் போவதற்கென்று ஒரு சிறு துளை உண்டு. மழைநீர் தொட்டிக்குள் இறங்காதிருக்கட்டும் என்று நான்தான் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி மூடிக்கு அடியில் வைத்திருந்தேன். என் சாமர்த்தியம் அந்தத் துளையை அடைத்துவிட்டது. பெட்ரோல் வெளியேற வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பு இழுப்பதைத் தொட்டி திருப்பி இழுக்கும். தொட்டி பாதி காலியாக இருந்தால் உள்ளேயிருக்கும் காற்று விரிந்து சிறிது நேரம் ஈடுகொடுக்கும். நிறைந்திருந்தால் விரிவதற்குக் காற்றே இல்லை. வெகு விரைவில் வண்டி நின்றுவிடும். இரவெல்லாம் நின்றால் எங்கேனும் ஒரு கசிவின் வழியாகக் காற்று புகுந்து, காலையில் வண்டி ஓடும். ஒரு காசும் செலவில்லாத பழுது. அதற்காக இரண்டு பம்புகள். அந்த இரவை நினைக்க இன்றும் உடல் நடுங்குகிறது.

ஆகவே வண்டி நின்றுவிட்டால், முதலில் மூடியைத் திறவுங்கள். 'உஸ்' என்ற ஒலி கேட்டு, அதன்பின் வண்டி புறப்பட்டால், பம்பைத் தொடாதீர்கள்.

அடுத்ததாகப் பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். பழைய வண்டிகளின் அளவுமானி நம்பத்தக்கது அன்று. அதிலும் நம் பாதைகளில் வண்டி ஒருபுறமாகச் சாய்ந்து நிற்கும்போது, இருக்கிற கொஞ்சம் பெட்ரோலும் உறிஞ்சுகுழாய்க்கு எட்டாத மூலைக்குப் போய்விடும். சுத்தமான குச்சியை விட்டு அளந்து பார்ப்பதே உறுதியான வழி.

மூன்றாவது, மின்பொறி. இந்த மலையில் ஆண்டு முழுதும் மழையும் மூடுபனியும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொள்வதும், பாயிண்ட் கறுத்துப்போவதும் இங்கே அன்றாட நிகழ்ச்சி. பிளக்கைக் கழற்றி, அதன் கம்பியோடு இணைத்து, இயந்திரத்தின் உலோகத்தில் படும்படி வைத்து, ஒருவர் கைப்பிடியைச் சுழற்ற மற்றவர் பார்க்க வேண்டும். நீலப் பொறி தெறித்தால் மின்சாரம் சரி. பொறி இல்லாவிட்டால் பம்பைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. கைப்பிடியைச் சுழற்றும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடியுங்கள். இயந்திரம் எதிர்த்து உதைத்தால் கட்டைவிரல் முறியும். முறிந்த விரல்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சோதனையைப் பெட்ரோல் குழாயைத் திறப்பதற்கு முன்னரே செய்துமுடித்துவிட வேண்டும். குழாய் திறந்த பின்னர் மின்பொறி என்ற பேச்சே கூடாது. இங்கே சற்று நின்று, தீயைப் பற்றிச் சொல்லிவிட்டு அப்பால் போகிறேன். ஏனெனில் வீட்டில் செய்யும் வேலை என்று தலைப்பில் சொல்லிவிட்டோம்.

நம் மலை குளிர்ந்த மலை, இங்கே பெட்ரோல் எளிதில் பற்றாது என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். இது உயிரை வாங்கக்கூடிய தவறு. பெட்ரோல் ஏறத்தாழ சுழியத்துக்குக் கீழ் 40 பாகை செல்சியஸ் குளிரிலேயே பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும். நம் மலையின் இரவுக் குளிர் அதற்குக் கோடை வெயில் போன்றது. மேலும் அவ்வாவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு தரையாக நீர்போல் ஓடிப் பள்ளமான இடத்தில் தேங்கும். லயத்து வீட்டின் முன்பக்கம் நீங்கள் குழாயைத் திறந்தால், ஆவி வாசற்படி வழியாக நுழைந்து அடுப்பங்கரைக்குப் போகலாம். சாமி மேடையில் எரியும் விளக்கையும் அடையலாம். கண்ணுக்குத் தெரியாமல் போகும். தீ மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி திரும்பி வரும்.

ஆதலால் வேலையைத் திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில், வீட்டுக்குக் கீழ்ப்புறமாக வண்டியை நிறுத்திச் செய்யுங்கள். இயந்திரம் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிடுங்கள். சிகரெட் பிடிப்பவர் எவரும் அருகே வரலாகாது. பாட்டரியைக் கழற்றுங்கள், வண்டியின் உடலோடு இணைந்திருக்கும் முனையை முதலில் கழற்ற வேண்டும். பிற்கால வண்டிகளில் அது எதிர்முனை. அறுபதுகளின் நடுப்பகுதி வரை வந்த பழைய வண்டிகளில் அது நேர்முனையாக இருக்கும்; ஆகையால் நிறத்தைப் பாராமல் கம்பி எங்கே போகிறதென்று பாருங்கள். தீயணைப்புப் பொடி உருளை ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு வாளி உலர்ந்த மணலாவது இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பும்.

இன்னொன்று. குழாயில் வாய் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் இருக்கிறது. ஒரு துளி புரையேறி நுரையீரலுக்குள் போனாலும் போதும். அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். தவறி எவரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வாந்தியில் அது மீண்டும் மூச்சுக்குழலுக்குள் போகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இப்பொழுது பம்புக்கு வருவோம். இந்தப் பம்பின் அடியிலே ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. இதனை வடிவமைத்தவருக்கு நன்றி கூற வேண்டும். இயந்திரத்தின் உள்ளத்தை வெளியே காட்டும் சாளரம் அது. கிண்ணத்தின் அடியில் நீர் முத்துமுத்தாகத் திரண்டிருந்தால் தொட்டிக்குள் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமாகையால் அடியில் தங்கும். நம் ஊரில் இரவும் பகலும் மாறிமாறிக் குளிர்ந்து சூடாவதால், பாதி காலியான தொட்டியின் உட்சுவரில் ஈரம் வியர்த்து வடியும். 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் இருளில், அணைநீர் திறந்துவிடப்பட்டதைத் தொடர்ந்து இப்பள்ளத்தாக்கில் புகுந்த வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். உயிர்களும் வீடுகளும் வண்டிகளும் போயின. அவ்வாறு வெள்ளத்தில் நனைந்த வண்டி எதுவாயினும், தொட்டியை இறக்கி முழுதும் காயவைக்காமல் ஓட்டினால், சேறும் நீரும் முதலில் வந்து சேர்வது இந்தக் கிண்ணத்துக்கே. கிண்ணத்தைக் கழற்றி, அதன் மேலுள்ள கம்பி வலையையும் கழுவி, வளையம் உடையாதிருந்தால் மீண்டும் மாட்டுங்கள். பல நேரங்களில் வேலை இத்துடன் முடிந்துவிடும்.

கிண்ணத்தில் பெட்ரோல் சுத்தமாக இருந்தும் குமிழிகள் ஓடிக்கொண்டிருந்தால், தொட்டிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாயையோ இணைப்பையோ கவனிக்க வேண்டும். அங்கே வெடிப்பு இருந்தாலும் ஒரு சொட்டுப் பெட்ரோலும் வெளியே வராமலிருக்கலாம். அப்பகுதி உறிஞ்சும் பகுதி. வெடிப்பு பெட்ரோலை வெளியே விடுவதற்குப் பதில் காற்றை உள்ளே இழுக்கும். கசிவு இல்லையே என்று அதை விட்டுவிட்டுப் பம்பை மாற்றியவர்கள் பலர்.

கிண்ணம் வெறுமையாக இருந்தால் பம்பின் பக்கவாட்டிலுள்ள சிறிய கை நெம்புகோலை மேலும் கீழும் அசையுங்கள். எதிர்ப்பே இல்லாமல் தளர்ந்து ஆடினால் உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கேம் தண்டின் மேடு அந்நேரத்தில் நெம்புகோலை அழுத்திக்கொண்டிருக்கலாம். கைப்பிடியால் இயந்திரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் அசையுங்கள்.

அடுத்து, பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கார்புரேட்டர்ப் பக்கம் கழற்றி, அதன் வாயைச் சுத்தமான தகரக் குவளைக்குள் விடுங்கள். கை நெம்புகோலை அசைத்தால், குழாய் நிறைந்த பின்னர் ஒவ்வோர் அசைவுக்கும் பெட்ரோல் வலுவாகப் பீச்ச வேண்டும். அவ்வாறு பீச்சினால் சவ்வும் வால்வுகளும் நலம். குற்றம் கார்புரேட்டரின் ஊசி வால்வில் இருக்கலாம். இனி சுவிட்சை அணைத்தபடியே வைத்து, கைப்பிடியால் இயந்திரத்தைச் சுழற்றச் சொல்லுங்கள். கையால் அசைத்தால் வருகிறது, இயந்திரத்தைச் சுழற்றினால் வரவில்லை என்றால், உள்ளேயிருக்கும் நெம்புகோல் தேய்ந்துவிட்டது. இரண்டிலும் வரவில்லை, தொட்டியிலிருந்து வரும் குழாயும் அடைபடாமல் இருக்கிறது என்றால், பம்பு பழுதுதான். அப்பொழுது மட்டுமே கடைக்குப் போங்கள்.

நெடுநேரம் லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து தாப்பாவிலிருந்து ஏறிவரும் வண்டி, சூடேறி நின்றுவிடுவதும் உண்டு. குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிவிட, பம்பால் ஆவியை இறைக்க முடிவதில்லை. ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், பெட்ரோல் கொதிப்பதும் எளிதாகிறது. ஈரத்துணியைப் பம்பின்மீது போர்த்திக் கால் மணி நேரம் காத்திருந்தால் போதும். இதுவும் பம்பின் குற்றம் அன்று.

பம்பின் குற்றங்களில் மிகக் கொடியது சவ்வு கிழிவது. கிழிந்தால் பெட்ரோல் பம்பின் உடலிலுள்ள சிறு துளை வழியாகச் சொட்டும். அது கண்ணில் பட்டுவிடும். ஆனால் சில வேளை வெளியே வராமல், இயந்திரத்தின் உள்ளே இறங்கி எண்ணெயோடு கலந்துவிடும். வண்டியும் ஒருவாறு ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் அயலார் ஒருவர், தம் இயந்திரம் எண்ணெய் குடிப்பதே இல்லை, அளவு கூடிக்கொண்டே போகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நீர்த்துப்போன எண்ணெயால் பேரிங்குகள் யாவும் தேய்ந்து, ஒருநாள் இயந்திரம் தட்டத் தொடங்கிற்று. அந்த இயந்திரம் அதோடு முடிந்தது. எண்ணெய்க் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால், அளவு ஏறியிருந்தால், ஒரு சுற்றுகூட இயந்திரத்தை ஓடவிடாதீர்கள். பம்பை மாற்றி, எண்ணெயையும் முழுதும் மாற்றிய பின்னரே ஓட்ட வேண்டும்.

இனிக் கழற்றும் முறை. தொட்டியிலிருந்து வரும் குழாயைக் கழற்றியதும் அதன் வாயைத் தக்கையால் அடைத்துவிடுங்கள். வடியும் பெட்ரோலைத் தகரத்தில் பிடித்து மூடி வையுங்கள், வாய்க்காலில் ஊற்றாதீர்கள். பெர்த்தாம் ஆற்றுநீர்தான் கீழேயுள்ள தோட்டங்களுக்கும் பாய்கிறது. இரண்டு நட்டுகளையும் மாறிமாறிச் சிறிது சிறிதாகத் தளர்த்தினால் பம்பு கையோடு வந்துவிடும். பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது துகள்கள் இயந்திரத்துக்குள் விழாதபடி துளையைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் துணியை எடுக்க மறவாதீர்கள், நான் மறந்ததுண்டு.

முழுப் பம்பு வாங்க வேண்டியதில்லை. சவ்வு, வால்வு, கேஸ்கட் அடங்கிய பொட்டலம் கிடைத்தால் அதுவே போதும். பம்பைப் பிரிக்குமுன் மேற்பாதியிலும் கீழ்ப்பாதியிலும் சேர்ந்தாற்போல் அரத்தால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் குழாய் வாய்கள் திசைமாறி நிற்கும். புதிய சவ்வைப் பொருத்தி, நெம்புகோலை முழுதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு திருகாணிகளை எதிரெதிராக முறுக்க வேண்டும். அழுத்தாமல் முறுக்கினால் சவ்வு இறுகிப்போய், ஓடத் தொடங்கியதும் விரைவில் கிழியும். பின்னர் உறிஞ்சும் வாயை விரலால் அடைத்து நெம்புகோலை நாலைந்து முறை அசையுங்கள். விரல் இழுபட்டுச் சில விநாடி ஒட்டிக்கொண்டிருந்தால் வேலை நன்றாக அமைந்திருக்கிறது.

மாட்டும்போது ஒரே ஒரு நுணுக்கம். நெம்புகோலின் முனை கேம் தண்டின்மேல் சரியாக அமர வேண்டும். தவறான பக்கத்தில் நுழைந்துவிட்டால், இயந்திரம் புறப்பட்டதும் முறிந்துபோகும். கையால் அழுத்தினால் வில்லின் எதிர்ப்பு சீராகத் தெரிய வேண்டும். பம்பு இயந்திரத்தோடு பொருந்த மறுத்தால் நட்டைக்கொண்டு இழுக்காதீர்கள். கைப்பிடியால் இயந்திரத்தைச் சிறிது திருப்பி, கேமின் மேடு விலகிய பின்னர் முயலுங்கள். குழாய்களை மாட்டி, கை நெம்புகோலால் கிண்ணம் நிறையும் வரை இறைத்து, எங்கும் கசிவில்லை என்று விரலால் தடவிப் பார்த்து, சிந்தியது முழுதும் உலர்ந்த பின்னரே பாட்டரியை இணைக்க வேண்டும். வண்டி ஐந்து நிமிடம் ஓடிய பிறகு மறுபடியும் பாருங்கள்.

பம்பு கிடைக்கவில்லையென்று மலிவான மின்பம்பு ஒன்றை இடையில் மாட்டிவிடுகிறார்கள். என் கருத்தில் இது விரும்பத்தக்கது அன்று. அழுத்தம் கூடிய பம்பானால் கார்புரேட்டரின் ஊசி வால்வு தாங்காமல், பெட்ரோல் சூடான இயந்திரத்தின்மேல் வழியும். மேலும், வண்டி கவிழ்ந்து இயந்திரம் நின்றால் பழைய பம்பும் உடனே நின்றுவிடும். மின்பம்போ சுவிட்ச் அணைக்கப்படும் வரை பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். நம்முடைய சரிவுகளில் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

புதிய கார்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2005இல் வந்த மைவி போன்ற கார்களில் கார்புரேட்டர் கிடையாது, பம்பு மின்சாரத்தால் இயங்குவது, தொட்டிக்குள்ளேயே மூழ்கியிருப்பது. அதன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தலுக்கும் மேல். இயந்திரத்தை அணைத்த பிறகும் அவ்வழுத்தம் குழாயில் தங்கியிருக்கும். பழைய வண்டி என்றெண்ணிக் குழாயைக் கழற்றினால் முகத்தில் பீச்சியடிக்கும். இத்தகைய காரில் வீட்டில் செய்யத்தக்கது சோதனை மட்டுமே. சாவியைத் திருப்பி, இயந்திரத்தை இயக்காமல், பின்னிருக்கைப் பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். இரண்டு விநாடி 'ம்ம்' என்ற ஒலி கேட்டால் பம்புக்கு மின்சாரம் வருகிறது. கேட்காவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். பின்னர் ரிலேயைப் பாருங்கள். அங்கே குறையில்லாவிட்டால் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். இளைஞர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆயினும் அந்த வேலைக்குரிய கருவியும் பயிற்சியும் இல்லாமல் தொட்டியைத் திறக்கச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஒன்று மட்டும் நம் கையில் இருக்கிறது. அந்தப் பம்பைக் குளிர்விப்பது அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோலே. பத்து வெள்ளிக்கும் பதினைந்து வெள்ளிக்குமாக அடியிலேயே நிரப்பி ஓட்டிக்கொண்டிருந்தால் பம்பு சூடேறி ஆயுள் குறையும். கால் தொட்டிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழை விட்டிருக்கிறது, வெளியே இன்னும் அரை மணி நேரம் வெளிச்சம் இருக்கும். திடலில் நிற்கும் லேண்ட் ரோவரில் நான் பிற்பகலில் வேண்டுமென்றே ஒரு கோளாறு செய்து வைத்திருக்கிறேன். பம்பில் அன்று என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சிகரெட் பிடிப்பவர்கள் இங்கேயே அமர்ந்திருங்கள். மற்றவர்கள் வாருங்கள், முதலில் எதைத் திறப்பீர்கள் என்று பார்க்கிறேன்.